பன்னிரண்டு மணிச் சங்கு

தண்ணீர்த் தொட்டி மேட்டில் புயல் எச்சரிக்கைச் சங்கு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. சங்கு என்பது நாலு தெரு ஜனமும் சேர்ந்து வைத்த பெயர். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்தில் வேறொரு பெயர் உண்டு, அதை வாசித்து முடிப்பதற்குள் புயலே கரையேறிவிடும். பார்க்கப்போனால் ஓர் இரும்புக் கம்பம், உச்சியில் நாலு திசைக்கும் நாலு கொம்பு, கீழே பம்பு அறைச் சுவரில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பச்சைப் பொத்தான், அவ்வளவுதான். திறந்து வைக்க வந்தவர்கள் கைதட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்கள். பொத்தானை அழுத்துகிற வேலை, இருபது வருஷமாக அங்கே பம்பு ஓட்டிக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்தது. அன்றோடு பம்புக்காரர் என்ற பெயர் போய் அவர் சங்குக்காரர் ஆனார்.

கருவியோடு கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கடல் காற்றில் மோட்டார் இறுகிவிடாமல் இருக்கத் தினமும் ஒருமுறை, ஒரு நிமிஷம், சங்கை ஒலிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். நேரத்தை இயக்குபவர் தம் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரிதான் வினையாகப் போயிற்று. விடியற்காலையில் ஊதினால் கைக்குழந்தைகள் அலறும், சாயங்காலம் ஊதினால் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று இவர் ரொம்பவும் நல்ல மனசோடு யோசித்துப் பகல் பன்னிரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மனசு மட்டும் இருந்து என்ன பண்ண?

ஒரே வாரத்தில் நாலு தெருவும் சங்கைச் சாப்பாட்டு மணியாக்கிக்கொண்டது. சங்கு ஊதினால் தையல்காரர் மிஷினை விட்டு எழுந்துவிடுவார். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் அணையும். வீட்டுக்கு வீடு தட்டு வைக்கிற சத்தம் மேட்டுக்கே கேட்கும். ஒருநாள் கரண்ட் போய்ச் சங்கு ஊதவில்லை. தையல்காரர் மூச்சிரைக்க மேடேறி வந்து, "என்ன சங்குக்காரரே, இன்னிக்கு எங்களையெல்லாம் பட்டினி போடறதா உத்தேசமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்குத்தான் சங்குக்காரருக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. சோதனைக்கும் அதே ஓலம், புயலுக்கும் அதே ஓலம், இரண்டுக்கும் அதே ஒரு நிமிஷம். நாளைக்கு நிஜமாகவே புயல் வந்தால் இந்த ஜனம் என்ன செய்யும்?

சோதனைக்கு வேறு சத்தம் வேண்டும் என்று புயல் எச்சரிக்கைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கடிதம் எழுதினார். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்று பதில் வந்தது. சரி, நேரத்தையாவது தினம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாமா என்று மறுபடி எழுதினார். ஒருமுறை பதிவான நேரத்தை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. மூன்றாவதாக ஒன்று எழுத உட்கார்ந்து, பேனாவை மூடிவைத்துவிட்டார். கடிதத்தால் காரியம் ஆவதாக இருந்தால் இந்நேரம் ஆகியிருக்காதா?

அவருடைய பயமெல்லாம் ஒருத்தியைச் சுற்றித்தான். கூடப்பிறந்த அக்கா. நாலு தெருவிலும் பள்ளமான தெருவில், அதிலும் கால்வாயை ஒட்டின கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் ஏறுகிற மேட்டுக்கு அவள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே வருவாள். அந்தப் பருவத்தில் மட்டும் நாலு தடவை, "இன்று புயல், பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று செல்போனில் செய்தி வந்தது. நாலு தடவையும் அவர் அவளைக் கைத்தாங்கலாக மேட்டுக்குக் கூட்டிவந்தார். நாலு தடவையும் ஒரு தூறல் கூட விழவில்லை.

"உன் புயலுக்கு என்னைக் கண்டாதான் வெட்கமா இருக்குபோல" என்றாள் நாலாவது தடவை, ஜனம் ஒதுங்குவதற்காக மேட்டில் கட்டியிருந்த கிடங்கின் சிமெண்டுத் தரையில் காலை நீட்டிக்கொண்டு. "இனிமே கூப்பிடாதே. அடுத்த புயலை வீட்டுக்கே வரச் சொல்லு. நான் பார்த்துக்கறேன்."

ஐந்தாவது புயலைப் பற்றிய செய்தி முந்தின நாளே வந்துவிட்டது. இரவு பத்து மணிக்குக் கரையைக் கடக்கும் என்றார்கள். கடலோரத்தில் ஓரிரு இடங்களில் கனமழையோ மிகக் கனமழையோ பெய்யக்கூடும் என்றார்கள். அந்த ஓரிரு இடங்கள் எவை என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. உலகத்தில் எல்லா இடமும் ஏதோ ஓரிரு இடங்கள்தானே! விடிந்தபோது லேசாக வெயில்கூட அடித்தது. புழுக்கம் மட்டும் தாங்க முடியவில்லை. ஜனம் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போய்விட்டது.

பகல் பதினொன்று ஐம்பதுக்குப் பம்பு அறையில் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் இளவட்டக் குரல் பேசியது.

"புயல் வேகம் எடுத்துடுச்சு. ராத்திரி இல்ல, ரெண்டு மணிக்குள்ள கரையைத் தொட்டுடும். கடல் தண்ணி கால்வாய் வழியா ஊருக்குள்ள ஏறும். உங்க நாலு தெருவையும் காலி பண்ணணும். உத்தரவு எண் சொல்றேன், எழுதிக்கோங்க."

ஒவ்வொரு முறை ஊதுவதற்கும் ஓர் ஆறு இலக்க எண் வேண்டும். எங்கேயோ ஒருத்தர் விளையாட்டுக்கு ஊதிவிட்டாராம், அதிலிருந்து இந்தப் பூட்டு. சோதனைக்கு உண்டான எண்கள் மாதாமாதம் வரிசையாக ஒரு தாளில் வந்துவிடும், பதிவான நேரத்துக்கு முன்னால் அவை வேலை செய்யாது. புயலுக்கு உண்டான எண்ணைப் போனில்தான் சொல்வார்கள். சங்குக்காரர் எழுதிக்கொண்டார்.

"இப்பவே அழுத்திடறேன் சார்."

"இல்லல்ல. சரியா பன்னிரண்டு மணிக்கு. கடலோரம் பூரா ஒரே நேரத்துல ஒலிக்கணும்னு மேலிடத்து உத்தரவு."

"சார், பன்னிரண்டு மணிக்கு நான் தினமும் ஊதறேன் சார்."

"ரொம்ப நல்லது. அப்ப உங்களுக்குப் பழக்கம் இருக்கும்."

"எனக்குப் பழக்கம்தான் சார். ஜனங்களுக்கும் பழக்கமாயிடுச்சு, அதுதான் சங்கடம். பன்னிரண்டு மணிச் சங்கு கேட்டா தட்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. இப்ப ஊதினாத்தான் ஏதோ ஆபத்துனு நிமிர்ந்து பார்ப்பாங்க. எட்டு நிமிஷம் முந்தி ஊதினா யாருக்கு என்ன சார் நஷ்டம்?"

"அந்த எண் பன்னிரண்டு மணிக்கு முன்னாடி வேலை செய்யாதுங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு." போன் வைக்கப்பட்டது.

அவர் நம்பாமல் எண்ணைத் தட்டிப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, சங்கு வாயைத் திறக்கவில்லை. திரும்பத் தட்டினார். திரும்பவும் சிவப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த எட்டு நிமிஷம் அவருக்கு எட்டு வருஷமாக இருந்தது. பன்னிரண்டு அடித்தது, பச்சை எரிந்தது, சங்கு ஓலமிட்டது.

வெளியே ஓடிவந்து பார்த்தார். அவர் நினைத்தபடியே நடந்தது, ஓர் இம்மியும் பிசகவில்லை. தையல்கடை ஷட்டர் பாதி இறங்கியது. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பட்டறையில் வெளிச்சம் அணைந்தது. கீழே நடந்துபோன ஒருவர் மேட்டில் இவர் நிற்பதைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். சங்குக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அவரும் பதிலுக்குச் சிரித்துக் கையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

உள்ளே போன் அடித்தது. "பன்னிரண்டு ஜீரோ ஜீரோவுக்கு ஒலிச்சது பதிவாயிடுச்சு. ரொம்ப நன்றிங்க" என்றது இளவட்டம்.

"சார், ஒருத்தரும் கிளம்பலை சார். எல்லாரும் சாப்பிடறாங்க."

"செய்தியும் அனுப்பியிருக்கோமே?"

அவர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். செய்தி வந்துதான் இருந்தது. மொழியும் தமிழ்தான். ஆனால் வானிலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தமிழ். தாழ்வு மண்டலம் வலுவடைந்ததில் ஆரம்பித்து, காற்றின் வேகம், கடலின் நிலை, மீனவர்களுக்கு ஒரு வரி என்று நீண்டுகொண்டே போய், இரண்டு மணி என்ற விஷயம் கடைசிக்கு முந்தின வரியில் பதுங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் இதைக் கடைசி வரைக்கும் வாசிப்பானா?

"இன்னொரு எண் குடுங்க சார். மூணு தடவை விடாம ஊதினா சந்தேகம் வந்து வெளிய வருவாங்க."

"ஒரு உத்தரவுக்கு ஒரு ஒலிப்புதாங்க. இன்னொண்ணு வேணும்னா மேல கேக்கணும். மேல எல்லாரும் கூட்டத்துல இருக்காங்க."

அவர் போனை வைத்துவிட்டுச் சோதனைத் தாளை உருவினார். அன்றைய சோதனைக்கு உண்டான எண்ணைத் தட்டினார். பச்சை எரிந்தது. பன்னிரண்டு எட்டுக்குச் சங்கு இரண்டாம் தடவை ஊதியது. முப்பது விநாடி ஊதியிருக்கும், பெட்டியே செத்துப்போனது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே பூட்டிவிட்டார்கள். உடனே போனும் வந்தது. "அனுமதி இல்லாம யாரு உங்களை ஊதச் சொன்னது? இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? ஜனங்க பீதி அடைஞ்சா யாரு பொறுப்பு?"

பீதியா! அவர் எட்டிப் பார்த்தார். நாலு தெருவிலும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அடுத்து வந்த போன் தையல்காரருடையது. வாயில் சோற்றோடு பேசினார். "என்ன சங்குக்காரரே, இன்னிக்கு ரெண்டாம் பந்தி வேறயா?"

"அண்ணே, நிஜப் புயல் அண்ணே. ரெண்டு மணிக்கு வருது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க."

"ராத்திரி பத்து மணிக்குனு டிவியில ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க வேற." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அக்காவைக் கூப்பிட்டார். ஆறேழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"அக்கா, கிளம்பு. இப்பவே கிளம்பு. புயல் முந்தி வருது."

"தம்பி, நான் இப்பதான் சாப்பிட உட்கார்ந்தேன்."

"சாப்பாட்டை மூடி வச்சுட்டு வா. தண்ணி முதல்ல உன் வீட்டுக்குத்தான் வரும்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே. வெயில் அடிக்குதுடா, நீ வெளிய தலையை நீட்டிப் பாரு. என் முட்டி நிலைமை தெரியாம பேசாதே. போய் நீயும் ரெண்டு வாய் சாப்பிடு, பசியில பேத்தறே."

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலைப் பிடிக்கறதுன்னா நேர்ல வந்து பிடி, வலிக்காவது நல்லது." வைத்துவிட்டாள்.

சங்குக்காரருக்குத் தலை தலையாய் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மேட்டின் மேல் கம்பம், கம்பத்தின் மேல் கொம்பு, கொம்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குப் பின்னால் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் இருந்தும், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒருத்தியை எழுந்து வரவைக்க முடியவில்லை. தானே கீழே ஓடிப்போய் அவளைத் தூக்கிவரலாமா என்று நினைத்தார். தூக்கிவரலாம்தான். மற்ற முந்நூறு வீட்டை யார் தூக்குவது? மேட்டு விளிம்பில் நின்று கையைப் பிசைந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மத்தியானத் தண்ணீர். குழாய்க்குக் குழாய் பாத்திரம் துலக்குகிற நேரம், துணி அலசுகிற நேரம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த இருபது வருஷத்தில் இந்த ஜனம் யாரும் கூப்பிடாமல், தானாக, கூட்டமாக, ஓட்டமாக இந்த மேட்டுக்கு ஏறி வந்திருக்கிறது. தண்ணீர் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வால்வைத் திருப்பி மூடினார். திருப்புகிற இரும்புச் சக்கரத்தையும் கழற்றி எடுத்து, மேல் மூடியைத் திறந்து தொட்டிக்குள் போட்டார். தொபுக்கென்று சத்தம் கேட்டது. தன் வேலைக்குத் தானே சங்கு ஊதிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிஷம் போன் அடித்தது. இஸ்திரிக்காரர் மனைவி. "அண்ணே, தண்ணி நின்னுடுச்சே?"

"நின்னா நிக்கட்டும்."

"என்னண்ணே இப்படிப் பேசறீங்க?"

"வேற எப்படிப் பேசணும்? தண்ணி விட முடியாது. முடிஞ்சதைப் பார்த்துக்கோங்க."

வாழ்க்கையில் ஒருத்தரையும் அதட்டிப் பேசியறியாதவர். நாக்கு கூசியது. ஆனால் அடுத்தடுத்து வந்த போன்களில் கூச்சம் விட்டுப்போய், திட்டுவது கைவந்த கலையாகிவிட்டது. பட்டறைக்காரரிடம், "உங்க தெருவுக்குத் தண்ணி விட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்?" என்றார். தையல்காரரிடம், "தைரியம் இருந்தா மேல வந்து பேசுங்க, போன்ல என்ன வீரம்?" என்றார். தையல்காரர், "இரு, வரேன்" என்றார். மரியாதை ஒரே நொடியில் பறந்துவிட்டது. சங்குக்காரருக்கு அதைக் கேட்கக் காதில் தேன் பாய்ந்தது.

வந்தார்கள்! காலிக் குடத்தோடு வந்தார்கள், வாளியோடு வந்தார்கள், எச்சில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் தலையில் ஷாம்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவர மனமில்லாமல் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இழுத்துக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். சங்கு ஊதி நகராத நாலு தெரு, குழாய் நின்றதும் ஏறக்குறைய முழுசாக மேட்டில் நின்றது. எல்லா வாயும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டியது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாரும் மன்னிக்கணும். தண்ணி தீரலை. புயல் வருது. ரெண்டு மணிக்குள்ள கால்வாய் ததும்பி உங்க வீட்டுக்குள்ள கடல் வந்துடும். உங்களை இங்க வரவைக்க எனக்கு வேற வழி தெரியலை. தயவுசெஞ்சு கிடங்குக்குள்ள போயிடுங்க."

தையல்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார், "பார்த்தீங்களா? பம்பு ரிப்பேரை மறைக்கறதுக்குப் புயல் மேல பழியைப் போடறான்."

"ராத்திரிதானே புயல்?" என்றது ஒரு குரல். "அடுப்புல பால் இருக்கு, நான் போறேன்" என்றது இன்னொன்று. கூட்டத்தின் பின் வரிசை சரிவில் இறங்கத் தொடங்கியது.

சங்குக்காரருக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. உண்மைக்கு இவ்வளவுதானா மதிப்பு? கும்பிட்ட கையை இறக்கினார். "சரி, போங்க! இஞ்சினியர் ஒன்றரை மணிக்கு இங்க வரார். உங்க தெருக் குழாயையெல்லாம் நிரந்தரமா அடைக்கறதுக்குக் கையெழுத்துப் போட வரார். கேள்வி கேக்க ஆள் இல்லைனா அவருக்கும் வேலை சுளுவு."

இறங்கினவர்கள் அத்தனை பேரும் திரும்பி ஏறினார்கள். "வரட்டும் அந்த ஆளு!" என்று பட்டறைக்காரர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வராதவர்களுக்கெல்லாம் போன் பறந்தது. "ஏங்க, வீட்டுல இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. கூட்டம் இருந்தாத்தான் பயப்படுவாங்க." நிஜத்தைச் சொன்னபோது எழுந்து போகப் பார்த்த ஜனம், இல்லாத இஞ்சினியரோடு சண்டை போடச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

அவர் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அக்கா இல்லை. மணி ஒன்று பத்து. அப்போதுதான் அவருக்கு உண்மை உறைத்தது. தண்ணீர் நின்றதற்காகத் தம்பியோடு சண்டைக்கு அவள் எதற்கு வருவாள்? இருபது வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. எல்லாருக்கும் வீசின வலையில் அவள் மட்டும் சிக்கமாட்டாள் என்பது அவருக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஒன்று இருபதுக்கு வெளிச்சம் சட்டென்று குறைந்தது. யாரோ விளக்கை அணைத்தது போலத்தான் இருந்தது. காற்று முதலில் குடங்களை உருட்டியது, பிறகு தையல்கடையின் தகரப் பலகையைப் பிடுங்கிப் பறக்கவிட்டது. யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு தெருவும் கிடங்குக்குள் பாய்ந்தது. வீட்டில் மிச்சம் இருந்தவர்கள் மழையில் சரிவேறி ஓடிவந்தார்கள்.

சங்குக்காரர் எதிர்த் திசையில் ஓடினார். சரிவின் பாதியில் தையல்காரர் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எங்க போறீங்க? கால்வாய் பொங்கிடுச்சு பாருங்க!" பார்த்தார். கடைசித் தெருவில் தெரு இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர் வாசற்படிகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. "விடுங்க, எங்க அக்கா, எங்க அக்கா" என்று கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மழைத் திரைக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. இடுப்புவரை நனைந்து, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு, ஓர் அடிக்கு ஒருமுறை நின்று வந்தது. தையல்காரர் சங்குக்காரரின் இடுப்பைப் பிடித்திருந்ததை அது பார்த்துவிட்டது.

"எவன்டா என் தம்பி மேல கை வச்சவன்?"

விளக்குமாறு தையல்காரர் முதுகில் விழுந்தது. சங்குக்காரர் அவளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு சரிவேறினார். அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தண்ணீர் நின்றதற்காகத் தெருவே திரண்டு போய்ச் சங்குக்காரரை அடிக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாளாம். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாளாம். போனை எடுக்க மறந்தாளாம். "நான் உயிரோட இருக்கும்போது உன்னை அடிக்கறதுக்கு இவங்க யாரு?" என்று அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சங்குக்காரரும் அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அன்று நாலு தெருவிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எட்டாம் நாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பம்பு அறையில் ஈரம் காயாத நாற்காலியில் கர்ச்சீப்பை விரித்து உட்கார்ந்து, எழுதிக்கொண்டுவந்த அறிக்கையை வாசித்துக் காட்டினார். எச்சரிக்கைச் சங்கு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒலித்தது, பொதுமக்கள் நூறு சதவீதம் வெளியேறினர், கடலோரத்திலேயே இந்த இடம்தான் முதன்மை. அதற்கு இவர் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே இன்னொரு காகிதமும் இருந்தது. அனுமதியின்றிச் சங்கு ஒலித்ததற்கும், குடிநீர் வழங்கலை நிறுத்தியதற்கும், வால்வுச் சக்கரத்தைத் தொட்டிக்குள் எறிந்ததற்கும் ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"சார், சங்கு கேட்டு ஒருத்தர்கூட வரலை சார். தண்ணியை நிறுத்தினதால வந்தாங்க. அதை எழுதுங்க சார். அப்பதான் அடுத்த தடவைக்குச் சங்கை மாத்துவாங்க."

"அதை எப்படிங்க எழுத முடியும்? அறிக்கையில அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை. நிஜமாகவே கட்டம் இல்லாத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கனா, அந்த விளக்கக் கடிதத்தை நான் அமுக்கிடறேன்."

சங்குக்காரர் முதல் காகிதத்தைத் தொடவில்லை. இரண்டாவதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உண்மையை இந்த விளக்கத்திலாவது எழுதலாம். அதில் கட்டம் கிடையாது, வெறும் கோடுதான். யார் படிக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம். போகட்டும், சங்கை நம்பினால்தானே கஷ்டம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இன்னொரு புயல் வந்தால் இன்னொருமுறை வால்வை மூடினால் போயிற்று. அது அவர் கையில் இருக்கிறது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். சேறெல்லாம் அள்ளி வாரிக் கழுவிவிட்டு, வாசலில் முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்து இழுத்துப்போய் மூலையில் காட்டினாள். அவள் இடுப்புயரத்துக்கு இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம், மூடி போட்டு நின்றது.

"இது எதுக்கு அக்கா?"

"உனக்காகத்தான்டா. அன்னிக்கு அத்தனை பேரும் உன்னைச் சூழ்ந்துக்கிட்டு நின்னதை நினைச்சா இன்னிக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. நான் வீடு வீடாப் போனேன், இந்தக் காலோட. அவன் ஒருத்தன், அவன்கிட்ட எத்தனை நாள் தண்ணிக்குச் சண்டை போடுவீங்க, ஆளுக்கு ரெண்டு டிரம் வாங்கி நிரப்பி வச்சுக்கோங்கனு சொன்னேன். தையல்காரர்தான் முதல்ல சரின்னார், அடி வாங்கினவர் இல்லையா? இப்ப நாலு தெருவுலயும் டிரம் இல்லாத வீடு கிடையாது." மூடியைத் தட்டினாள். கனமான சத்தம் வந்தது. "மூணு நாளைக்குத் தாங்கும். இனிமே நீ எப்ப வால்வை மூடினாலும் மூடு. ஒருத்தரும் மேட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

சங்குக்காரர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு நீலம் தெரிந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னடா, பேசாம உட்கார்ந்துட்டே? நல்ல காரியம்தானே பண்ணியிருக்கேன்?" என்றாள் அக்கா.

"நல்ல காரியம்தான் அக்கா" என்றார்.